கொட்டடிக்குள் இருந்தவரை யார் கேட்டது?

சென்னையில் ஒருத்தரைக் கேவலப்படுத்தக் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்றால் போதும். ஓர் ஊரின் பெயரே வசவாகிவிட்டது. சினிமாக்காரர்கள் இதை வைத்து எத்தனையோ படத்தில் சிரிப்புக் காட்டிக் காசு பார்த்துவிட்டார்கள். நமக்கு இந்த வித்தை புதிதல்ல. 'சேரி' என்பதும் சேர்ந்து வாழும் இடம் என்ற பொருளில் இருந்த சொல்தான். அதை மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லும் சொல்லாக மாற்றியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஓர் இடத்தை ஒதுக்குவது, அங்கே இருக்கிற சனங்களை ஒதுக்குவது, அப்புறம் அந்த இடத்தின் பெயரையே கல்லாக எடுத்து எறிவது. இந்தச் சமூகத்துக்கு இது கைவந்த வேலை.

ஒதுக்கி வைத்த இடத்துக்குள்ளேயும் இன்னொரு ஒதுக்குப்புறம் உண்டு. மனநோய் மருத்துவமனைகளில் அதற்குத் தனியறை என்று பெயர். வார்டில் வேலை செய்கிறவர்கள் 'செல்லு' என்பார்கள். நான் கொட்டடி என்றே எழுதப்போகிறேன். ஒருவர் ஆவேசப்படுகிறார், அடிக்க வருகிறார், தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார், அல்லது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உடனே அவரை மட்டும் தனியாக ஓர் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவது. எப்போது திறப்பது என்பது உள்ளே இருப்பவர் கையில் இல்லை. இதுதான் விஷயம்.

இந்த அறையைப் பற்றி இருநூறு வருஷத்துக்கும் மேலாகப் பலர் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் சொன்னார், கம்பெனி அதிகாரி சொன்னார், கமிட்டி சொன்னது, நீதிபதி சொன்னார். உள்ளே கிடந்தவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டபோதும் அது 'பைத்தியத்தின் பேச்சு' என்று கணக்கில் வரவில்லை. நம்முடைய சாட்சியம் நீதிமன்றத்திலும் பஞ்சாயத்திலும் எப்படிக் கணக்கில் வராமல் போனதோ அதே மாதிரி.

சென்னையில் இதன் கதை 1794இல் தொடங்குகிறது. வாலன்டைன் கனாலி என்ற கம்பெனி டாக்டர் புரசைவாக்கம் பக்கத்தில் பைத்தியக்கார விடுதி ஒன்றை ஆரம்பித்தார். தருமத்துக்கு அல்ல. அது அவருடைய சொந்த முதலீடு, கம்பெனி சர்க்கார் அவருக்கு வாடகை கொடுத்தது. பின்னால் டால்டன் என்ற இன்னொரு டாக்டர் கைக்குப் போய், 'டால்டன் பைத்திய ஆஸ்பத்திரி' என்றே ஊரில் பேரானது. மனம் பேதலித்தவனை அடைத்து வைப்பது நல்ல வியாபாரம் என்று வெள்ளைக்காரன் அப்போதே கண்டுகொண்டான். இன்றைக்கு ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு 'மறுவாழ்வு இல்லம்' நடத்துகிறவர்களுக்கு முன்னோடி வேறு யாரும் இல்லை, இவர்கள்தான்.

அந்தக் காலத்துப் பைத்தியக்கார விடுதியில் எல்லோருக்கும் ஒரே இடம் இல்லை. ஐரோப்பியருக்குத் தனி, ஆங்கிலோ இந்தியருக்குத் தனி, 'நேட்டிவ்' சனங்களுக்குத் தனி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துரைக்குக் கொடுத்த தனி அறை மரியாதை. அவர் மற்றவர்களோடு கலக்காமல் இருப்பதற்கு, காற்று வருவதற்கு, வேலைக்காரன் வந்து போவதற்கு. நேட்டிவுக்குக் கொடுத்த தனி அறை கொட்டடி. இரண்டும் நாலு சுவர், ஒரு கதவுதான். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். இன்றைக்கும் காசு கொடுத்து நர்சிங் ஹோமில் சேர்ந்தவருக்குத் தனி அறை என்றால் ஏ.சி., டி.வி., கூட இருக்க ஒரு ஆள். காசில்லாதவருக்குத் தனி அறை என்றால் வேறு அர்த்தம். 'தனிமை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு சாதி அறை கட்டியிருக்கிறார்கள்.

1871இல் விடுதி கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. லோக்காக் தோட்டம் என்ற பெரிய தோட்டம், அறுபத்தாறு ஏக்கருக்கு மேல். 145 பேரோடு திறந்தார்கள். அதே சமயத்தில்தான் விசாகப்பட்டினத்திலும் கள்ளிக்கோட்டையிலும் மாகாணத்தின் மற்ற இரண்டு விடுதிகள் வந்தன. 1922இல் 'அரசு மனநோய் மருத்துவமனை' என்று பெயர் மாறியது, 1978இல் 'மனநலக் கழகம்' ஆனது. பலகை இரண்டு முறை மாறிவிட்டது. சனங்கள் வாயில் மட்டும் அது கீழ்ப்பாக்கமாகவே நிற்கிறது.

அந்தக் காலத்துச் சர்க்கார் ஆண்டறிக்கைகளில் அட்டவணைக்குப் பஞ்சமில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் செத்தார்கள், என்ன மதம், என்ன தொழில், பைத்தியம் பிடித்தது கஞ்சாவாலா துக்கத்தாலா, ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு என்ன செலவு, தோட்டத்திலும் தறியிலும் அவர்களை வேலை வாங்கியதில் என்ன வரவு. எல்லாம் உண்டு. துக்கம் என்று ஒரு கட்டத்தில் எழுதினார்களே, என்ன துக்கம் என்று எழுத ஒரு கட்டம் போட்டார்களா? பஞ்சத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவளின் துக்கமும் அடிமைத் தொழிலில் முதுகு முறிந்தவனின் துக்கமும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன.

இங்கே கனாலி என்ற பெயரில் ஒரு வேடிக்கை. நம் ஊர் கனாலிக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு கனாலி, ஜான் கனாலி, 1839இல் இங்கிலாந்தின் ஹான்வெல் விடுதிக்குத் தலைமை டாக்டராக வந்தார். சங்கிலி, கைவிலங்கு, தோல்வார் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். உலகம் முழுக்க அவரை விடுதலை செய்தவர் என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் சங்கிலியைக் கழற்றிய பிறகு ஆவேசப்பட்டவரை என்ன செய்தார்? தனியறையில் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். அதாவது இந்தக் கொட்டடி பிறந்ததே ஒரு சீர்திருத்தமாக. சங்கிலியை விட அறை மேல், அறையை விட ஊசி மேல் என்று ஒவ்வொரு தலைமுறை டாக்டரும் முந்தினதைக் காட்டித் தன்னுடையதை மேல் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். 1950களின் நடுவில் குளோர்புரோமசின் மாத்திரை நம் நாட்டுக்கு வந்தபோதும் இப்படித்தான். மருந்து வந்தது பெரிய காரியம். அதனால் எத்தனையோ பேர் வீடு திரும்பினார்கள், அதை யாரும் மறுக்க முடியாது. மருந்து வந்தும் கொட்டடி இடியவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 73, 74 என்று இரண்டு பிரிவுகள். கடுங்காவல் கைதியை நீதிமன்றம் தனிக்கொட்டடியில் வைக்கச் சொல்லலாம்; ஆனால் மொத்தத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது, ஒரே தடவையில் பதினாலு நாளுக்கு மேல் கூடாது, நடுவில் அதே அளவு இடைவெளி விட வேண்டும். 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் இந்த இரண்டையும் 11, 12 என்று நம்பர் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டார்கள். கொலைகாரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் வெள்ளைக்காரன் நாள் கணக்குப் போட்டிருக்கிறான். தனியே அடைத்தால் மனுசன் மனம் கெட்டுப்போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. 1978இல் சுனில் பத்ரா வழக்கில், தூக்குத் தண்டனைக் கைதியைக்கூடச் சிறை அதிகாரி தன் இஷ்டத்துக்குத் தனிமையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

மனம் நொந்து வந்தவனுக்கு என்ன கணக்கு? 1858இன் பைத்தியக்கார விடுதிச் சட்டமும் 1912இன் பைத்தியச் சட்டமும், யாரைப் பிடிக்கலாம், யார் உத்தரவு போடலாம், சொத்தை யார் பார்த்துக்கொள்வது என்று பக்கம் பக்கமாகப் பேசின. உள்ளே போனவனை எத்தனை நாள் தனியே பூட்டலாம் என்று கைதிக்குச் சொன்னது போல ஒரு நாள் கணக்குச் சொல்லவில்லை. 1987இல் வந்து 1993இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், சிகிச்சையின்போது யாரையும் இழிவுபடுத்தவோ கொடுமை செய்யவோ கூடாது என்றது. நல்ல வார்த்தை. பூட்டுவது கொடுமையா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? பூட்டியவர்தான். குற்றம் செய்து உள்ளே போனவனுக்கு நாள் உண்டு, குற்றமே செய்யாதவனுக்கு நாள் இல்லை. சிகிச்சை என்று பெயர் வைத்துவிட்டால் கணக்குக் கேட்க முடியாது.

யாரைப் பிடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1912 சட்டப்படி 'அலைந்து திரியும் பைத்தியத்தை'ப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகலாம். அலைந்து திரிகிறவர் யார்? வீடு இல்லாதவர், வேலை தேடிப் பட்டணம் வந்தவர், ஊரை விட்டு விரட்டப்பட்டவர். ஜமீன்தார் வீட்டுப் பைத்தியம் மாடி அறையில் இருந்தது. அது அலையாது.

எம்.ஏ.யில் பக்தி இலக்கியம் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சிவனுக்குப் பித்தன் என்பது பட்டப்பெயர். எங்கள் வடசென்னையிலேயே இரண்டு பெரிய பித்தர்கள் அடங்கியிருக்கிறார்கள். திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார். தண்டையார்பேட்டையில் குணங்குடி மஸ்தான் சாகிபு. மஸ்தான் என்றாலே பித்தேறியவர் என்றுதான் அர்த்தம். சொத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோவணத்தோடு அலைந்தவர் ஒருவர், குப்பைமேட்டிலும் காட்டிலும் கிடந்தவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் இன்றைக்கும் விளக்கு எரிகிறது. அதே திருவொற்றியூர் ரயிலடியில் ஒரு கூலிக்காரன் துணியில்லாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தால் என்ன நடக்கும்? பெரிய வணிகக் குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் விட்டால் துறவு. விடுவதற்கு ஒன்றும் இல்லாதவன் அதையே செய்தால் நோய்.

சுதந்திரம் வருகிற சமயத்தில் போர் கமிட்டி போட்டார்கள். ராஞ்சி ஐரோப்பிய மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த மூர் டெய்லர் என்ற ராணுவ டாக்டர், நாட்டிலிருந்த 19 மனநோய் மருத்துவமனைகளைப் பற்றி அந்தக் கமிட்டிக்கு எழுதிக்கொடுத்தார். மொத்தம் பத்தாயிரம் சொச்சம் படுக்கைகள். குணப்படுத்துவதற்காக அல்ல, பத்திரமாக அடைத்து வைப்பதற்காகவே இவை கட்டப்பட்டிருக்கின்றன என்று அவரே சொல்லிவிட்டார். அது 1946. ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து, 1999இல், தேசிய மனித உரிமை ஆணையம் நிம்ஹான்ஸ் டாக்டர்களை வைத்து 37 மருத்துவமனைகளைப் பார்த்து ஓர் அறிக்கை போட்டது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை கட்டிய நாளில் இருந்த சிறைச்சாலை வடிவத்திலேயே நின்றன. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைகளில் தனிக்கொட்டடி இருந்தது, பெரும்பாலானவை உபயோகத்திலும் இருந்தன. அங்கே பேசிய பாஷையையும் அறிக்கை குறித்தது. நோயாளி அங்கே அடைபட்டவர், ஊழியர் வார்டர், மேற்பார்வை செய்பவர் ஓவர்சியர். 1993இலேயே ஷீலா பார்சே வழக்கில், குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சிறையிலிருந்து எடுத்து மருத்துவமனையில் விட்டால் அங்கேயும் வார்டர் நிற்கிறார்.

சிலர் மாற்றப் பாடுபட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்துக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், புறநோயாளிப் பிரிவையும் தொழிற்பயிற்சியையும் வளர்த்தார். வெளியே போக வழி இருந்தால்தான் உள்ளே கூட்டம் குறையும் என்று அவர் கண்டுகொண்டார். ஒருவர் மனம் வைத்தால் நடக்கிறது. ஆள் மாறினால் நின்றுவிடுகிறது. அதனால்தான் உரிமை என்று பேச வேண்டியிருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. விடியற்காலையில் மொய்தீன் பாதுஷா மனநோய் இல்லம் என்ற ஓலைக்கொட்டகை தீப்பிடித்தது. கால்களில் சங்கிலி. ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே கருகினார்கள், சாவு எண்ணிக்கை பிறகு 28 ஆனது. ஒரு வாரத்தில் அந்த மாதிரி இல்லங்களை மூடி ஐநூறு பேருக்கு மேல் அரசு பொறுப்பில் எடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. எல்லாப் பத்திரிகையும் 'மூடநம்பிக்கை' என்று எழுதின. தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான் தப்பு என்று பேசினார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. தாழ்ப்பாள் போட்ட அறைக்குச் சுவர் வேண்டும், சுவருக்குப் பணம் வேண்டும். ஓலைக்கொட்டகைக்குள் ஒருத்தரை அடைக்க முடியாது, கட்டத்தான் முடியும்.

நான் மீஞ்சூர்க்காரன். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி, எண்ணூர் என்று அனல்மின் நிலையமும் துறைமுகமும் கம்பெனியுமாக நிற்கிறது. ஒப்பந்தக் கூலிகள் காலனியிலும் குடிசையிலும் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர். அந்த வீட்டில் ஒருத்தருக்கு மனசு கெட்டால் தாய் என்ன செய்வாள்? ஷிப்டுக்குப் போக வேண்டும், போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. சேலையால் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போகிறாள். கீழ்ப்பாக்கம் போக வேண்டுமானால் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து, பட்டணத்தில் இறங்கி, பஸ் ஏறி, முரண்டு பிடிக்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க. கட்டியவளைக் கொடுமைக்காரி என்று எழுதிவிடுவது சுலபம். பணக்காரன் வீட்டுத் தனி அறைக்கு ஏழை வீட்டில் பதில் அந்தச் சேலைதான்.

உள்ளே இருந்தவர்களிடம் கேட்ட இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1976இல் வேட்சன், கார்ப்பெண்டர் என்ற இருவர் ஓர் ஆய்வு எழுதினார்கள். நோயாளிகளிடம் படம் வரையக் கொடுத்தார்கள். தனியறையை வரை என்று சொல்லவில்லை. ஆனாலும் அடைபட்டவர்களில் பலர் தாங்களாகவே அந்த அறையை வரைந்தார்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோதும் கோபம் ஆறவில்லை. அதற்குப் பிறகு 1980களில் இப்படிப் பல ஆய்வுகள் வந்தன. ஊழியரையும் நோயாளியையும் தனித்தனியாகக் கேட்டால் ஒரே அறையைப் பற்றி இரண்டு கதை வந்தது. ஊழியர், அவருக்கு அமைதி கிடைத்தது, நல்லது என்றார்கள். அடைபட்டவர்களில் அநேகர் அது தண்டனை என்றார்கள். பயம், அவமானம், தனிமை என்றார்கள். எதற்காக அடைத்தார்கள் என்றே தெரியவில்லை என்றவர்களும் உண்டு. சிலர் மட்டும் கூச்சலிலிருந்து தப்பித்தேன் என்றார்கள்.

இதைப் படித்த பிறகு நாங்கள் சில தோழர்கள் சேர்ந்து எங்கள் பக்கத்தில் கேட்டு எழுத ஆரம்பித்தோம். பேர் போட வேண்டாம், எந்த மருத்துவமனை என்றும் எழுத வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு அக்கா. உப்பளத்தில் வேலை செய்தவர், ஐம்பது தாண்டியிருக்கும். "ரூம்புன்னு சொல்லாத தம்பி. ரூம்புன்னா உள்ளருந்து தொறக்கலாம்ல? அது பொட்டி. நான் தண்ணி கேட்டேன். கத்திக் கேட்டேன். கத்தறா பாருன்னு இன்னும் நேரம் வச்சிட்டாங்கோ. கத்தாம இருந்தா யாரும் வர்றதில்ல, கத்துனா கத்தறான்னு தொறக்கறதில்ல. நா இன்னா பண்ணட்டும்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மணி தெரியல. அதான் பயம். நம்ம ஊர்ல வண்டி சத்தம் கேட்டே மணி சொல்லிடுவேன். அங்க வண்டியே இல்ல. காலைலயா சாயந்திரமான்னு தெரியாம கெடந்தேன்."

அவரிடம் மருத்துவம் பற்றிக் கேட்டேன். மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறார். டாக்டரம்மா நல்லவங்க என்கிறார். மாத்திரை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியே கூடாது என்று பேசுகிற நம் அறிவாளித் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்கு முந்தின தலைமுறை சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோவை விழுந்து விழுந்து எழுதினார்கள். எனக்கும் அதில் நிறைய வெளிச்சம் கிடைத்தது. ஆனால் பாரிஸில் அடைபட்டவர்களைப் பற்றி இருநூறு பக்கம் எழுதியவர்கள், கீழ்ப்பாக்கம் பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் போய் யாரிடமாவது பேசியிருக்கலாம்.

இரண்டாவது ஆள் என் கணக்கைக் கலைத்துவிட்டார். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்த்த ஆள், நாற்பது வயதிருக்கும். "பொய் சொல்லக்கூடாது சார். எனக்கு அந்த ரூம்பு புடிச்சிது. பொறந்ததுலருந்து ஒத்தையா தூங்குனதே இல்ல. வீட்ல ஏழு பேரு. அங்கதான் கால நீட்டி தூங்குனேன். மறுபடி போடுவாங்களான்னுகூட பார்த்தேன்." இதைக் கேட்டு என்ன எழுதுவது? கொட்டடியை ஆதரிக்கிற சாட்சி என்று ஒரு டாக்டர் இதை எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மனுசன் காலை நீட்டித் தூங்குவதற்குப் பைத்தியம் பிடிக்க வேண்டியிருந்தது என்பது அவருடைய வீட்டைப் பற்றிய சாட்சி. ஆனாலும் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறோம். ஓர் அமைதியான இடம் வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், தானே போய்த் தானே வரலாம் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அப்டின்னா ராஜா வாழ்க்க சார்" என்று சிரித்தார்.

மூன்றாவது, நோயாளி அல்ல. ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியம்மா. இந்த வேலையில் யார் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டடியின் சாவி நர்சிடமும் வார்டரிடமும் இருக்கும், துடைப்பம் நம் ஆட்களிடம் இருக்கும். "உள்ளயே எல்லாம் போயிருப்பாங்க கண்ணு. மூக்க மூடிக்கினு ஸ்டாப்பு நிப்பாங்க. நாந்தான் உள்ள போவேன். அந்தப் புள்ளைங்க எங்கிட்டதான் பேசும். எப்ப ஆயா தொறப்பாங்கன்னு கேக்கும். எனக்கு இன்னா தெரியும்? நாளைக்கின்னுவேன்." பிறகு ஒன்று சொன்னார். ஒருத்தர், மேல்சாதி, படித்தவர். உள்ளே அடைத்து வைத்திருந்தார்கள். துணியில்லாமல் கிடந்தவர். இந்தப் பெரியம்மா தட்டை எடுத்து நீட்டியபோது, நீ தொட்டதைச் சாப்பிட மாட்டேன் என்று தட்டிவிட்டாராம். "பேரு மறந்துட்டாரு, ஊரு மறந்துட்டாரு. அத மட்டும் மறக்கல." பெரியம்மாவுக்கு அதில் கோபம்கூட இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாளும் அவர் கொட்டடியைக் கழுவியிருக்கிறார்.

அவருடைய சாட்சியமும் எந்த அறிக்கையிலும் கிடையாது. கமிட்டி வந்தால் டாக்டரைக் கேட்கும், நர்சைக் கேட்கும். கொட்டடிக்குள் தினமும் போய்வந்த ஒரே ஆளைக் கேட்காது. ஊரை ஒதுக்கி வைத்தவர்கள், ஒதுக்கப்பட்ட இடத்தைச் சுத்தம் செய்யவும் ஒதுக்கப்பட்டவரையே அனுப்புகிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது சென்னையில் வீட்டு வாசலில் தகரம் அடித்து அடைத்தார்கள். பதினாலு நாள் உள்ளே இருந்த நடுத்தர வர்க்கம் டி.வி.யிலும் பத்திரிகையிலும் குமுறியது. குமுறியது நியாயம்தான். பதினாலு நாள் என்பது வெள்ளைக்காரன் கைதிக்குப் போட்ட அதே கணக்கு என்பதை மட்டும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

2017இல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 95ஆவது பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. 97ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரைத் தனியே அடைப்பதோ தனிமைச் சிறை வைப்பதோ கூடாது என்று ஒரேயடியாகச் சொல்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், பொறுப்பு டாக்டரின் அனுமதியோடு, உடலைக் கட்டுப்படுத்தலாம். அதுவும் தேவைக்கு மேல் ஒரு நிமிஷம் நீடிக்கக் கூடாது. தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. அவருக்காக நியமித்த ஆளுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மாதா மாதம் வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். 1794இல் தொடங்கிய கதையில் முதல் தடவையாகச் சட்டம் கொட்டடியைக் கூடாது என்று வாய் திறந்து சொன்னது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

ஆனால் குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும் என்கிறது சட்டம்? எந்த முறையில் கட்டுப்படுத்தினார்கள், ஏன், எவ்வளவு நேரம். மூன்றையும் எழுதுகிறவர் கட்டியவர். கட்டப்பட்டவர் என்ன சொன்னார் என்று எழுத அங்கே இடம் கேட்கவில்லை. ஆண்டறிக்கையில் 'துக்கம்' என்று போட்ட அதே கட்டம்தான் இது, கொஞ்சம் நல்ல தாளில். தீண்டாமையும் 1950இலேயே அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவில் ஒழிந்துவிட்டது. ஒழிந்த பிறகு அதை எதிர்த்து வழக்குப் போட 1989இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் வாக்குமூலம் கொடுத்தால்தான் வழக்கு நிற்கிறது.

புதிய சட்டத்தின் 27, 28ஆவது பிரிவுகள்படி, உள்ளே இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, குறை இருந்தால் புகார் கொடுக்கும் உரிமையும் உண்டு. இது எங்கள் பக்கத்தில் கேட்ட ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். நாலே கேள்வி. எவ்வளவு நேரம் வைத்தார்கள், ஏன் என்று உங்களுக்குச் சொன்னார்களா, உள்ளே இருந்தபோது என்ன கேட்டீர்கள், கேட்டதற்கு யார் வந்தார்கள். இதுவரை பதினோரு பேர் பேசியிருக்கிறார்கள். உப்பளத்து அக்காவின் பதிலில் மூன்றாவது கேள்விக்கு நேராகத் தண்ணீர் என்று இருக்கிறது. நாலாவதற்கு நேராக அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறோம்: "தொடப்பக்காரம்மா."